பித்தப்பைக் கற்கள்

பித்தப்பைக் கற்கள் என்பவை, பித்தநீரில் கரைந்திருக்க வேண்டிய பொருள்கள் பித்தப்பைக்குள் இறுகி உண்டாகும் திண்மப் படிவுகள் ஆகும். இவை மணல் துகள் அளவிலிருந்து எலுமிச்சங்காய் அளவு வரை இருக்கலாம். ஒற்றைக் கல்லாகவும் இருக்கும்; நூற்றுக்கணக்கிலும் இருக்கும். கற்கள் உள்ளவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு அவற்றால் எந்தத் தொல்லையும் ஏற்படுவதில்லை. வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போதே பலருக்கு இவை தெரியவருகின்றன. சிகிச்சை பற்றிய முடிவு, கற்களின் எண்ணிக்கையை விட, அவை இதுவரை வலியோ சிக்கலோ தந்திருக்கின்றனவா என்பதையே பெரிதும் பொறுத்தது.

கற்கள் உருவாகும் விதம்

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதன் ஒரு பகுதி, கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பையில் தேங்கி, நீர் உறிஞ்சப்பட்டு அடர்த்தியாகிறது. கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலை அடைந்ததும் பித்தப்பை சுருங்கி, அதைக் குடலுக்குள் தள்ளுகிறது. பித்தநீரில் கொலஸ்டிரால் மிகுந்தாலோ, பித்தப்பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ நுண்படிகங்கள் தோன்றிக் கற்களாக வளர்கின்றன. சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் பிலிருபின் மிகும்போது கறுப்பு நிற நிறமிக் கற்கள் உண்டாகின்றன. வட இந்தியாவில் கொலஸ்டிரால் கற்கள் மிகுதி. தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாகக் காணப்படுகின்றன.

பெண்களுக்கு, குறிப்பாகக் கருவுற்ற காலத்தில், வாய்ப்பு கூடுதல். உடற்பருமன், நீரிழிவு, குடும்ப வரலாறு ஆகியவையும் காரணிகள். பலரும் எதிர்பாராத ஒரு காரணி வேகமான எடைக் குறைப்பு. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை இறங்கும் கடும் பட்டினி உணவுமுறைகள் கற்களை உண்டாக்கக்கூடியவை. நாள்தோறும் நெடுநேரம் சாப்பிடாமல் இருப்பதும் பித்தநீரைத் தேங்கவிடும்.

சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு

வயிற்றில் கல் என்றதும் வாழைத்தண்டுச் சாறும் தண்ணீரும் குடிக்கத் தொடங்குவோர் தமிழ்நாட்டில் ஏராளம். இது இரண்டு நோய்களைக் குழப்பிக்கொள்வதால் வருவது. சிறுநீரகக் கல்லைச் சுற்றிச் சிறுநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிறு கல் அந்த ஓட்டத்தோடு வெளியேறிவிடலாம், வெளியேறினால் நல்லது. பித்தப்பையோ ஒரே ஒரு குறுகிய வாய் கொண்ட பை. குடிக்கும் தண்ணீர் அதற்குள் போவதில்லை. அதிலிருந்து கல் நகர்ந்து வெளியே வருவதுதான் ஆபத்து. 3, 4 மி.மீ. அளவுள்ள சிறு கல் பொதுப் பித்தநாளத்தில் இறங்கி அடைத்தால் மஞ்சள் காமாலையும், நாளத்தில் தொற்றும், கணைய அழற்சியும் வரக்கூடும். எனவே 'சின்னக் கல்தானே' என்ற ஆறுதல் இங்கே பொருந்தாது.

அறிகுறிகள்

கல் பித்தப்பையின் வாயை அடைக்கும்போது மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவின் கீழோ கடும் வலி எழுகிறது. அது முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவலாம். பெரும்பாலும் எண்ணெய் மிகுந்த உணவுக்குப் பிறகோ நள்ளிரவிலோ தொடங்கும். அரை மணி முதல் சில மணி நேரம் விடாமல் நீடித்துப் பின் முழுவதும் தணியும். குமட்டலும் வாந்தியும் உடன் வரலாம். இந்த வலியை வாயுத் தொல்லை என்றோ அல்சர் என்றோ எண்ணி ஆண்டுக்கணக்கில் அமில மாத்திரை விழுங்கியவர்கள் பலர். மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கக்கூடும் என்பதால், முதன்முறை வரும் கடும் மேல்வயிற்று வலிக்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது தேவை.

வலி ஆறு மணி நேரத்தைக் கடந்தும் தணியாமை, காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெறும் வயிற்றில் எடுக்கும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் பித்தப்பையில் உள்ள கற்களை 95 விழுக்காட்டுக்கும் மேல் சரியாகக் காட்டும். நாளத்தில் இறங்கிய கல்லை அது தவறவிடலாம். அந்த ஐயம் இருந்தால் கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் செய்யப்படும். சாதாரண எக்ஸ்-ரேயில் பெரும்பாலான பித்தப்பைக் கற்கள் தெரிவதில்லை.

அறுவைச் சிகிச்சை தேவையா?

தற்செயலாகக் கல் கண்டறியப்பட்டு, வலியே வந்திராதவருக்குப் பொதுவாக எதுவும் செய்யத் தேவையில்லை. அத்தகையோரில் ஆண்டொன்றுக்கு 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கே வலி தொடங்குகிறது. நீரிழிவு உள்ளவர்க்கு முன்னெச்சரிக்கையாகப் பித்தப்பையை எடுத்துவிடும் பழைய வழக்கமும் இன்று பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. விதிவிலக்குகள் சில உண்டு: 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பாலிப், சுவரில் சுண்ணாம்பு படிந்த பித்தப்பை ஆகியவற்றில் புற்றுநோய் அச்சம் கருதி அகற்றுவது பற்றிப் பேசப்படும். பித்தப்பைப் புற்றுநோய் மிகுந்த கங்கைச் சமவெளிப் பகுதியில் மருத்துவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கை காட்டுகின்றனர்.

மேற்சொன்ன வலி வந்தவர்க்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால் பித்தப்பையை அகற்றுவதே வழக்கமான பரிந்துரை. ஆயினும் சிக்கல் இல்லாதவர் அவசரப்பட வேண்டியதில்லை. பிரித்தானியாவில் 434 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான சி-கால் ஆய்வில், காத்திருக்கும் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் 18 மாதங்களுக்குள் நான்கில் ஒரு பங்கினரே அறுவைச் சிகிச்சைக்குச் சென்றனர். இரு பிரிவினரின் வலி அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கல் நாளத்தில் இறங்கியவர்க்கும், பித்தப்பை அழற்சியோ கணைய அழற்சியோ வந்தவர்க்கும் இந்த ஆறுதல் பொருந்தாது. அவர்களுள் பெரும்பாலோருக்கு, உடல்நிலை இடம் தந்தால், அதே மருத்துவமனைச் சேர்க்கையிலேயே அறுவைச் சிகிச்சையை முடிப்பது நல்லது.

கடினமான நிலை மூன்றாவது ஒன்று. வயிற்று உப்புசமும் ஏப்பமும் மட்டுமே உள்ளவருக்கு ஸ்கேனில் கல்லும் தெரிகிறது. இவ்விரண்டும் தொடர்பில்லாமலே ஒருவரிடம் இருக்கக்கூடும். பித்தப்பையை எடுத்த பிறகும் இவர்களில் பலருக்கு உப்புசம் தொடர்கிறது. கல்லைக் குற்றம் சாட்டுவதற்கு முன் வேறு காரணங்களைப் பார்த்துவிடுவது முறை.

மருந்தும் 'கல்லீரல் சுத்திகரிப்பும்'

உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை, சுண்ணாம்பு சேராத சிறு கொலஸ்டிரால் கற்களை மட்டும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை உட்கொண்டால் கரைக்கக்கூடும். நிறுத்திய 5 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கற்கள் திரும்புகின்றன. நிறமிக் கற்களை இது கரைக்காது.

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் குடித்தால் பச்சை நிறக் கற்கள் மலத்தில் வெளியேறும் என்ற செய்முறை உலகெங்கும் பரவியுள்ளது. அப்படி வெளியேறியவற்றை ஆராய்ந்து 2005-இல் லான்செட் இதழில் வெளியான குறிப்பு, அவை கொழுப்பு அமிலங்களாலான சோப்புக் கட்டிகள் எனக் காட்டியது. குடித்த எண்ணெயே அவ்வாறு திரண்டது.

பித்தப்பை அகற்றல்

முதன்முதலில் 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் பித்தப்பையை அறுத்து அகற்றினார். கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்று இன்றைய நோயாளிகளும் கேட்பதுண்டு. பையை விட்டுவைத்தால் கற்கள் மீண்டும் உருவாகும் என்பதே அவர் காலம் தொட்டுச் சொல்லப்படும் விடை. 1985-இல் ஜெர்மனியின் எரிக் மூஹே லேப்ராஸ்கோபி முறையில் இதைச் செய்தபோது சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. இந்தியாவில் 1990-இல் மும்பையில் டெகம்டன் உத்வாடியா இம்முறையைத் தொடங்கினார்.

இப்போது முழு மயக்கத்தில் மூன்று அல்லது நான்கு சிறு துளைகள் வழியே இது செய்யப்படுகிறது. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பி, ஓரிரு வாரத்தில் வேலைக்குச் செல்கின்றனர். பித்தநாளம் காயமடைவது 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு நேரும் கடுமையான சிக்கல். உள்ளே அழற்சி மிகுந்து உறுப்புகள் தெளிவாகத் தெரியாதபோது மருத்துவர் வயிற்றைத் திறந்து செய்ய முடிவெடுப்பது இக்காயத்தைத் தவிர்க்கவே. அதைத் தோல்வியாகக் கருதலாகாது. நாளத்தில் கல் இருந்தால் ஈ.ஆர்.சி.பி. எனும் எண்டோஸ்கோபி முறையில் அது தனியே எடுக்கப்படும்.

பித்தப்பை இல்லாமலும் செரிமானம் நடக்கும். கல்லீரலிலிருந்து பித்தநீர் நேரே குடலுக்குள் வடிகிறது. சிலருக்குச் சில வாரங்கள் மலம் இளகிப் போகும். சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாழ்நாள் முழுக்க முட்டையும் எண்ணெயும் ஆகாது என்ற அறிவுரைக்கு அடிப்படை இல்லை. அறுவைக்குப் பின் காமாலையோ காய்ச்சலோ பழைய வலியோ வந்தால், நாளத்தில் கல் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அகற்றிய பித்தப்பை திசு ஆய்வுக்கு அனுப்பப்படும். அரிதாக அதில் புற்றுநோய் தென்படுவதுண்டு என்பதால், தையல் பிரிக்கச் செல்லும்போது அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.