தகுதி விதி மாணவர்களுக்கு மட்டும்தானா?

புது தில்லி: புணேயை அடுத்த தேஹு ரோடு கண்டோன்மென்ட் பகுதியில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளில் களமிறங்க வேண்டுமெனில் தில்லியிலுள்ள இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் தகுதி விதிகளை நிறைவு செய்தாக வேண்டும். முழுநேர மாணவராக இருக்க வேண்டும். 25 வயதைக் கடந்திருக்கக் கூடாது. கல்லூரி உறுதி செய்த தகுதிப் படிவமும் கட்டாயம்.

நியாயமான விதிகள்தாம். ஆனால், அவற்றை விதித்த சங்கம் தனது கடமையில் அதே கண்டிப்பைக் காட்டியதா?

2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு 12 பேர் கொண்ட பாட்மின்டன் அணி அனுப்பப்பட்டது. கலப்பு அணிப் பிரிவில் ஆட முடிந்ததோ ஆறு பேரால் மட்டுமே. அணி மேலாளர்கள் கூட்டத்தில் எல்லாப் பெயர்களையும் அதிகாரிகள் முறைப்படி அளிக்கத் தவறியதே காரணம். தகுதி பெற்றுக் கடல் கடந்து சென்ற எஞ்சிய ஆறு பேரும் வேடிக்கை பார்க்க நேர்ந்தது. அந்த நிலையிலும் அணி வெண்கலம் வென்றது என்பது ஆடியவர்களின் திறமை.

கண்டனம் எழுந்த பிறகு, அதிகாரி ஒருவரைப் பணியிடைநீக்கம் செய்த சங்கம், விசாரணைக்கும் உத்தரவிட்டது. மாணவர்கள் இழந்த வாய்ப்பு அதனால் திரும்பி விடாது. அடுத்த போட்டி 2027-இல் தென் கொரியாவில். அங்கும் வயது வரம்பு 25 தான்.