தாத்தாவின் குரலுக்குக் கீழே

தாத்தா காலமான பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு காணொளி தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் கைப்பேசியில் அவர் குரல் இருந்தது. ஒரு நாள் காலையில் பசியாறிவிட்டு, வாசலில் உட்கார்ந்து மோகனத்தில் ஒரு மெட்டை முணுமுணுத்த நாற்பது விநாடி.

வேலை நேரம் போக ரீமிக்ஸ் செய்வது என் பொழுதுபோக்கு. துக்க வீடுதானே, மெட்டை மேஜரிலிருந்து மைனருக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கீபோர்டில் நீங்களே கேட்டுப் பார்க்கலாம். சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேஜர். ஈ-யை மட்டும் இடப்பக்கக் கறுப்புக் கட்டைக்கு இறக்கினால் மைனர். நம் இசையில் சொன்னால், அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது. அந்த ஒரு கட்டையில் பாட்டின் முகம் வாடிவிடும்.

பதிவான பாட்டில் இப்படிச் செய்வது முன்பு மிகக் கடினம். இன்று மெலோடைன் போன்ற மென்பொருளில் சுரங்களைத் தனித்தனியே பிரித்து நகர்த்தலாம். ஆர்.இ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' 1991இல் வெளிவந்த மைனர் பாடல். அதை மேஜருக்கு மாற்றிய வடிவம் 2013இல் இணையத்தில் பரவியது. ஏக்கமாக ஒலித்த பாட்டு, விடுமுறைக்குக் கிளம்பியவர் பாடுவதுபோல் ஆகியிருந்தது.

குரலைத் தொடாமலும் மாற்ற வழி உண்டு. நம் கிரக பேதம் அதைத்தான் செய்கிறது. மோகனத்தின் தைவதத்தைச் சட்ஜமாகக் கொண்டால் அதே சுரங்கள் சுத்த தன்யாசி ஆகிவிடும். தாத்தாவின் சுருதி ஏறக்குறைய சி. அவர் குரலுக்குக் கீழே சி மேஜருக்குப் பதில் ஏ மைனரை வைத்தேன். ஒரு சுரமும் மாறவில்லை. ஆனாலும் எதையோ தொலைத்தவர்போல் அவர் பாடினார். எனக்கே தொண்டை அடைத்தது.

பாட்டியிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"ஏன்யா, தாத்தா அன்னைக்கு அழுதுகிட்டா பாடினாரு? பசியாறிட்டு நல்லாத்தானே உட்கார்ந்திருந்தாரு."

எனக்குப் பதில் வரவில்லை. துக்கம் எங்களுடையது. அந்தக் காலைப்பொழுது அவருடையது. என் துக்கத்தை அவர் வாயில் பாடவைத்திருந்தேன்.

அன்றிரவே ஏ மைனரை எடுத்துவிட்டு, தம்பூராவின் ச-ப-ச மட்டும் சேர்த்தேன். பதினாறாம் நாளில் அது ஒலித்தபோது எல்லோரும் அழுதோம். பாட்டி மட்டும் தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.