கொழுந்தின் ஒட்சியேற்றமும் தாக்கவீத அளவீடும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சைக் கொழுந்து செப்புநிறம் பெறும் கட்டத்தை 'நொதித்தல்' என்றே இன்றும் வழங்குகிறோம். நுண்ணுயிர்களே அம்மாற்றத்தை விளைவிக்கின்றன என்று கருதப்பட்ட காலத்தின் எச்சம் இச்சொல். உண்மையில் நிகழ்வது ஊக்கியின் துணையுடன் நடைபெறும் ஒட்சியேற்றமாகும். கொழுந்திலேயே அமைந்த, செப்பைக் கொண்ட பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியமே இங்கு ஊக்கி. இத்தாக்கத்தின் வேகம் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதையும், அவ்வளவீடு தொழிலாளரின் அறிவைப் பற்றி உணர்த்துவது யாது என்பதையும் நோக்குவோம்.

உயிருள்ள இலையில் நொதியமும் கற்றெக்கின்களும் வெவ்வேறிடங்களில் பிரிந்துள்ளன. உருட்டுப்பொறியில் கலங்கள் நசுங்கியதும் அவை கலந்து, வளியின் ஒட்சிசனுடன் தாக்கமுறுகின்றன. முதலில் தேநீருக்குப் பொலிவு தரும் தியாபிளேவின்கள் தோன்றுகின்றன. பின்னர் அவை குறைய, அடர்நிறம் தரும் தியாரூபிஜின்கள் பெருகுகின்றன. எனவே தியாபிளேவினின் அளவு ஓர் உச்சத்தை எட்டியபின் வீழும்.

ஆய்வுகூடத்தில், குளிர்ந்த அசற்றோனில் இலையை அரைத்துப் பெறும் தூளிலிருந்து நொதியம் பிரித்தெடுக்கப்படும். அது மாறா வெப்பநிலையில், அறிந்த செறிவுடைய கற்றெக்கின் கரைசலுடன் மூடிய குடுவையில் குலுக்கப்படும். வார்பேர்க்கின் அழுக்கமானியில், வெளிவரும் காபனீரொட்சைட்டைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு உறிஞ்சிவிடுவதால், அழுக்க வீழ்ச்சி ஒட்சிசன் நுகர்வையே காட்டும். நேரத்துக்கு எதிராக வரையப்படும் வளைகோட்டின் தொடக்கச் சரிவே தாக்கவீதம். கற்றெக்கினின் செறிவைக் கூட்டக்கூட்ட வீதம் ஓர் எல்லையை அணுகும் என்பதை மிக்கேலிசும் மென்றனும் 1913இல் வகுத்த சமன்பாடு விளக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. குலுக்கும் வேகத்தைக் கூட்டும்போது வீதமும் கூடுமாயின், அளக்கப்பட்டது நொதியத்தின் வேகமன்று; கரைசலுக்குள் ஒட்சிசன் புகும் வேகமே. தொழிற்சாலைத் தளத்திலும் இதுவே நிலை. நசுக்கிய கொழுந்தைத் தடிப்பாகப் பரப்பினால் அடியிலுள்ளது ஒட்சிசனின்றி வாடும். தாழ்நிலத்தின் வெப்பம் தாக்கத்தை விரைவுபடுத்துவதால் உச்சத்தைத் தவறவிடுவதும் எளிது. உரிய கணத்தில் சூடேற்றி நொதியத்தைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

மூலதனத்தின் இரண்டாம் தொகுதியில் (1885) மார்க்ஸ் உழைப்பு நேரத்தையும் உற்பத்தி நேரத்தையும் வேறுபடுத்தி, பிழிந்த திராட்சை நொதிக்கும் இடைவேளையை எடுத்துக்காட்டினார். ஆயினும் தேயிலையைப் பொறுத்தவரை அவ்விடைவேளையில் உழைப்பு முற்றாக ஓய்வதில்லை. கொழுந்தைப் பரப்பும் கையும், நிறத்தை நோக்கும் கண்ணும், மணத்தை உணரும் மூக்கும் உச்சத்தைத் தேடிக்கொண்டேயிருக்கின்றன. இலங்கையில் வணிகத் தேயிலைச் செய்கை 1867இல் தொடங்கியது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இலேயே நிறுவப்பட்டது. இடைப்பட்ட ஐம்பத்தெட்டு ஆண்டுகளும் தேயிலையின் தரம் இப்புலனறிவிலேயே தங்கியிருந்தது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. எனினும் கொழுந்து பரப்புபவரின் பணி வெறும் உடலுழைப்பாகவே கணிக்கப்பட்டு வருகிறது. தாக்கவீத அளவீடு அப்பணியில் அடங்கிய அறிவுக்குச் சான்று பகர்கிறது. பரப்பின் தடிப்புக்கும் வெப்பநிலைக்கும் உச்சத்துக்குமுள்ள தொடர்பைத் தமிழிலும் சிங்களத்திலும் தொழிலாளருக்கு விளக்குவது ஆய்வாளரின் கடமையாகும். அவர்களின் கவனிப்பை ஆய்வில் பதிவதும் அக்கடமையின் பாற்பட்டதே.