நடுத்தர விலையில் ஒரு நல்ல கைக்கடிகாரம்

கைக்கடிகாரத்தின் விலைக்கும் அது காட்டும் நேரத்தின் துல்லியத்துக்கும் இருந்த பழைய உறவு 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாளில் முறியத் தொடங்கியது. அன்று ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் டோக்கியோவில் விற்பனைக்கு வைத்த ‘ஆஸ்ட்ரான்’, படிகக்கல்லின் அதிர்வைக் கொண்டு நேரத்தை அளக்கும் குவார்ட்ஸ் முறையைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தது. அதன் விலை 4,50,000 யென். அந்நாளில் ஒரு சிறிய காரின் விலைக்கு ஈடான தொகை. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே முறை எவர் கைக்கும் எட்டும் அளவுக்கு மலிந்துவிட, 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை தந்த சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் 1980களின் நடுப்பகுதியில் அதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இன்று தெருவோரக் கடையில் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம்கூட, பல லட்சம் ரூபாய் பெறுமான சாவி கொடுக்கும் கடிகாரத்தைவிடச் சரியாக நேரம் காட்டும் என்பதால், இந்திய நிலையில் 3,000 முதல் 15,000 ரூபாய் வரை செலவிட எண்ணுபவர் அந்தப் பணத்தை எதற்காகக் கொடுக்கிறார் என்பது முதலில் தெளிவாக வேண்டும். துல்லியத்துக்காக அன்று. வியர்வை, தூசி, நீர், அடி ஆகியவற்றிலிருந்து உள்ளிருக்கும் பொறியைக் காக்கும் கூட்டுக்காகவும், பழுதானால் திறந்து சரிசெய்யக்கூடிய தன்மைக்காகவுமே அவர் கூடுதல் விலை கொடுக்கிறார். அவ்விரண்டும் இல்லாத கடிகாரம் எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும் அந்த விலைக்குத் தகாதது.

குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே, இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட மிகச்சிறிய படிகத்துண்டு ஒன்று மெல்லிய உலோகக் குப்பிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுக்கும்போது அது வளையும், வளையும்போது மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்ற இயல்பைப் பயன்படுத்தி, மின்சுற்று அதை விநாடிக்கு 32,768 முறை அதிரச் செய்கிறது. இந்த எண்ணை இரண்டால் தொடர்ந்து 15 முறை வகுத்தால் மிச்சமின்றி ஒன்று கிடைக்கும். ஆகவே வரிசையாக 15 முறை பாதியாக்கும் எளிய மின்சுற்று போதும், விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது. அந்தத் துடிப்பு ஒரு நுண்ணிய மோட்டாரை அரைச்சுற்று திருப்ப, விநாடி முள் ஒரு படி நகர்கிறது. இத்தகைய படிகம் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிகச்சரியாக இயங்குமாறு வெட்டப்படுகிறது. வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் சிறிதே பின்தங்கும். ஆயினும் மாதத்துக்கு 15 முதல் 20 விநாடிக்குள் அடங்கும் பிழையைப் பொருட்படுத்துவோர் அரிது. 1989இல் அறிமுகமாகி இன்றும் மிக மலிவாக விற்கும் காசியோவின் எஃப்-91டபிள்யூ எண்காட்டிக் கடிகாரம் மாதத்துக்கு 30 விநாடி, அதாவது நாளொன்றுக்கு ஒரு விநாடி பிழைக்கு மேல் போகாது என்று அதன் தயாரிப்பாளர் உறுதி கூறுகின்றனர். சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்று பெறும் விலையுயர்ந்த எந்திரக் கடிகாரத்துக்கு அனுமதிக்கப்படும் பிழையோ நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலிலிருந்து 6 விநாடி முந்தல் வரை.

பழுதுபார்ப்போர் ‘மிஷின்’ என்று அழைக்கும் இயங்குபொறியைக் கடிகாரப் பெயர்களுக்கு உரிய நிறுவனங்கள் பெரும்பாலும் தாமே செய்வதில்லை. சிட்டிசன் குழுமத்தைச் சேர்ந்த மியோட்டாவின் 2035 என்ற குவார்ட்ஸ் பொறி உலகில் மிக அதிகமாக உற்பத்தியானவற்றுள் ஒன்று; சில நூறு ரூபாய்க் கடிகாரத்திலும், ஆடை அலங்கார நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கு மேல் விலை வைக்கும் கடிகாரத்திலும் அதையோ அதன் நெருங்கிய உறவையோ காணலாம். பின்னதில் கூடுதல் விலையின் பெரும்பகுதி டயலில் உள்ள பெயருக்கே போய்ச்சேர்கிறது. அத்தகைய கடிகாரங்கள் சிலவற்றின் முகத்தில் தெரியும் மூன்று சிறு வட்டங்கள் எதையும் அளக்காத வெறும் அச்சு அலங்காரம் என்பதும் இங்கே சொல்லத்தக்கது.

குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் மின்கலமே. தரமான கடிகாரங்களுக்கு உரியது 1.55 வோல்ட் மின்னழுத்தத்தை இறுதிவரை ஏறக்குறைய மாறாமல் தரும் சில்வர் ஆக்சைடு செல். அதே அளவில் மலிவாகக் கிடைக்கும் ஆல்கலைன் செல், மின்னழுத்தம் படிப்படியாகக் குறைவதோடு, தீர்ந்தபின் உள்ளேயே விடப்பட்டால் கசிந்து மின்சுற்றை அரித்துவிடும். ஆகவே நின்றுபோன கடிகாரத்தை மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் போட்டுவைக்கும் வழக்கம், அதைக் கீழே போடுவதைவிட ஆபத்தானது. இத்தொல்லையை விரும்பாதவர்களுக்கு டயலின் வழியே புகும் வெளிச்சத்தில் மின்னேற்றம் பெறும் சூரிய ஒளிக் கடிகாரங்கள், சிட்டிசனின் ‘எக்கோ டிரைவ்’ போன்றவை, நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. பணத்துக்குக் கிடைக்கும் பயனை மட்டும் கணக்கிட்டால் இவ்வகைக்கு நிகரானது இல்லை.

எந்திரக் கடிகாரத்தை விரும்புபவரின் கணக்கு வேறு. அவர் மின்கலமின்றித் தன் கையசைவாலேயே ஓடும் ஒரு பொறியின் மீதுள்ள ஈர்ப்பால் அதை வாங்குகிறார். அதில் தவறேதும் இல்லை. உருளைக்குள் சுருட்டப்பட்ட எஃகு வில் அவிழும்போது பற்சக்கர வரிசையைத் திருப்ப முயல்கிறது. அது ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடாமல், தப்பிப்பி எனப்படும் அமைப்பு ஒவ்வொரு பல்லாகத் தடுத்துத் தடுத்து விடுவிக்கிறது. அந்தத் தடுப்புக்குத் தாளம் கற்பிப்பது மயிரிழை போன்ற சுருள்வில்லோடு இணைந்து இருபுறமும் ஊசலாடும் துலாச்சக்கரம். 1675இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அறிமுகப்படுத்திய இச்சுருள்வில்தான் சட்டைப்பைக் கடிகாரத்தை முதன்முதலாக நம்பத்தக்க கருவியாக்கியது. துலாச்சக்கரம் மணிக்கு 21,600 முறை, அதாவது விநாடிக்கு 6 முறை அசையும் பொறிகளே நடுத்தர விலையில் மிகுதி. 28,800 முறை அசைபவை சற்று விலை கூடியவை, விநாடி முள் சற்று வழுவழுப்பாக ஓடக்கூடியவை.

டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று பொறித்திருப்பதைக் கண்டு உள்ளே விலைமதிப்புள்ள கற்கள் இருப்பதாக நினைப்போர் இன்னும் உண்டு. அவை செயற்கை மாணிக்கத்தால் ஆன தாங்கிகள்; எஃகு அச்சு உலோகத்தின்மீது உராய்ந்து தேயாமல் இருக்க, கடினமும் வழவழப்பும் மிக்க அக்கற்களின் துளைகளில் சுழல்கிறது. சாவி கொடுக்கும் எளிய கடிகாரத்துக்கு 17 கற்கள் நிறைவானவை, தானியங்கிக்கு மேலும் சில தேவை. அதற்கப்பால் எண்ணிக்கை கூடுவதால் தரம் கூடிவிடுவதில்லை. ஒருகாலத்தில் எந்த வேலையும் செய்யாத கற்களைப் பதித்து 100 என்று விளம்பரம் செய்தவர்களும் இருந்தனர்.

கையசைவால் சுழலும் அரைவட்ட எடை ஒன்று வில்லைத் தானே முறுக்கும் கடிகாரத்துக்கு ஆட்டோமேடிக் என்று பெயர். இவ்வகையில் செய்க்கோ குழுமத்தின் என்.எச். 35, மியோட்டாவின் 8215 ஆகிய பொறிகள் பல நாட்டு நிறுவனங்களின் கூடுகளுக்குள் இடம்பெறுகின்றன. முழுதாக முறுக்கினால் இரண்டும் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். பரவலாகக் கிடைக்கும் பொறியைத் தாழ்வாக எண்ணுவது சிலருக்கு வழக்கம். உண்மையில் அதுவே அதன் பெரிய வலிமை, ஏனெனில் உதிரி பாகமும் அதை அறிந்த பழுதுபார்ப்பவரும் பத்தாண்டுக்குப் பின்னும் கிடைப்பர். என்.எச். 35க்கு நாளொன்றுக்கு 20 விநாடி பின்தங்கலிலிருந்து 40 விநாடி முந்தல் வரை இயல்பென்றே தயாரிப்பாளர் கூறுவதால், வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முந்தும் கடிகாரத்தைப் பழுதானது என்று திருப்பிக் கொண்டுபோவது வீண். ஆனால் திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கினால், கைப்பேசி உறையின் காந்தமோ ஒலிபெருக்கியோ சுருள்வில்லைக் காந்தமாக்கி அதன் சுற்றுகளை ஒட்டவைத்திருக்கலாம். காந்த நீக்கியின் மேல் சில நொடிகள் வைத்தெடுத்தால் சரியாகிவிடும். உள்ளிருக்கும் எண்ணெய் காய்ந்துபோவதால் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட வேண்டிவரும் என்பதையும், அச்செலவு வாங்கிய விலையில் கணிசமான பங்காகலாம் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய எச்.எம்.டி. கடிகாரங்களை இந்த இடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961இல் பெங்களூரில் கடிகார உற்பத்தியைத் தொடங்கிய இப்பொதுத்துறை நிறுவனத்தின் ‘ஜனதா’, இரு தலைமுறை இந்தியர்களின் மணிக்கட்டில் இருந்தது. 2016இல் அரசு கடிகாரப் பிரிவை மூட முடிவெடுத்தபின் அதன்மீது விருப்பம் கூடவே, பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புதுவண்ணம் பூசி, பழைய இருப்பு என்று விற்கும் வணிகமும் பெருகியது. ஜனதாவின் வழக்கமான முகத்தில் இல்லாத பளிச்சென்ற நிறங்களும், கோணலாக அச்சான எழுத்தும் அதை எளிதில் காட்டிக்கொடுக்கும். வீட்டுப் பெரியவர் அணிந்த கடிகாரம் இருக்குமானால் அதைப் பழுதுபார்த்து அணிவது எல்லா வகையிலும் மேல்.

கூட்டைப் பொறுத்தவரை, வாங்குபவர் கடிகாரத்தைத் திருப்பிப் பின்மூடியைப் படிப்பது நல்லது. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் பின்மூடி மட்டுமே துருவேறா எஃகு, மற்ற பகுதி முலாம் பூசிய பித்தளையாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கும் என்று பொருள். வார் கோக்கும் கொம்புகளில், எப்போதும் வியர்வை படும் இடத்தில், இரண்டு மூன்று ஆண்டுகளில் முலாம் உரிந்து அடியிலுள்ள உலோகம் தெரியும். கடற்கரை ஊர்களில் இன்னும் விரைவில். கூடு முழுதும் எஃகு என்று குறிப்பிடப்பட்டிருந்தால், அதுவும் 316எல் என்னும் உப்பரிப்பைத் தாங்கும் வகையாக இருந்தால், பல ஆண்டுகள் கழித்தும் மெருகிட்டுப் புதுப்பிக்கலாம்.

கண்ணாடி மூவகைப்படும். பிளாஸ்டிக் வகையான அக்ரிலிக் எளிதில் கீறும், ஆனால் உடையாது, கீறலைப் பசைகொண்டு தேய்த்தே போக்கலாம். மினரல் எனப்படும் கடினமாக்கிய சாதாரணக் கண்ணாடியே நடுத்தர விலையில் மிகுதி. மூன்றாவதான சஃபயர், செயற்கையாக வளர்க்கப்பட்ட நீலக்கல் படிகம். கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் அது 9. காற்றில் பறக்கும் தூசியில் கலந்துள்ள மணற்பரல்களின் கடினம் 7, கண்ணாடியினுடையது ஏறத்தாழ 5.5 என்பதால் சட்டைக் கையின் தூசியே மினரல் கண்ணாடியைக் கீறிவிடும், சஃபயரை ஒன்றும் செய்யாது. தற்போது பத்தாயிரத்துக்கும் குறைந்த விலையில் சஃபயர் கண்ணாடி கிடைப்பதால், செலவிடத்தக்க கூடுதல் தொகையை முதலில் இதற்கே ஒதுக்கலாம்.

நீர்க்காப்பு எண்களைப்போல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கடிகாரத்தில் வேறில்லை. ‘30 மீட்டர்’ என்பது 30 மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமமான, அசைவற்ற அழுத்தத்தைப் புதுக்கடிகாரம் சோதனையில் தாங்கியது என்பதைக் குறிப்பது; நடைமுறையில் கை கழுவுவதையும் மழைத்தூறலையும் தாண்டி அதை நம்ப வேண்டாம். நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பன்மடங்காகிவிடுகிறது என்று இதற்குப் பலரும் தரும் விளக்கம் சரியன்று. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நீரைக் கிழித்தாலும் கூடும் அழுத்தம் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்துக்குரியதே. எந்த நீச்சல்காரரின் கையும் அவ்வேகத்தை எட்டாது. உண்மைக் காரணம், சாவிக்கும் பின்மூடிக்கும் அடியிலுள்ள மெல்லிய ரப்பர் வளையங்கள் வெயிலாலும் சோப்பாலும் வயதாலும் இறுகிச் சுருங்குவதும், சூடான கடிகாரம் குளிர்நீரில் மூழ்கும்போது உள்காற்று சுருங்கி ஈரத்தை உள்ளிழுப்பதும், பொதுத்தரப்படி எல்லாக் கடிகாரத்தையும் அன்றி மாதிரிகளை மட்டும் சோதித்தாலே போதும் என்பதும் ஆகும். முக்குளிப்போருக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம்தான் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியே சோதிக்கச் சொல்கிறது. நீந்த விரும்புபவர் 100 மீட்டர் குறிப்பும், மரையிட்டுத் திருகி மூடும் சாவியும் உள்ளதைத் தேர்ந்து, செல் மாற்றும்போதெல்லாம் வளையத்தையும் மாற்றச் சொல்வாரானால் போதும்.

அளவைப் பொறுத்தவரை முகத்தின் விட்டத்தைவிட, மேற்கொம்பிலிருந்து கீழ்க்கொம்பு வரையுள்ள நீளமே முக்கியம்; அது மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் கடிகாரம் துருத்தி நின்று எல்லாவற்றிலும் இடிபடும். வார் அகலம் 18, 20, 22 மில்லிமீட்டர் போன்ற வழக்கமான அளவில் இருந்தால் எந்த ஊரிலும் மாற்று வார் கிடைக்கும். தனிவடிவ இணைப்பு உள்ளதற்கு அந்நிறுவனத்தையே நாடவேண்டும். உலோகச் செயின் வாங்குவோருக்கு அதன் கண்ணிகள் கெட்டியானவையா, தகட்டை மடித்துச் செய்தவையா என்று ஓரத்தில் பார்த்தாலே தெரியும். மடிப்புக் கண்ணி கைமயிரைப் பிடுங்கும், விரைவில் தளரும்.

சேவை கிடைக்கும் தூரமும் தரத்தின் பகுதியே. தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் டாடா குழுமமும் 1984இல் இணைந்து உருவாக்கி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன், 2002இல் 1.15 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பொறியுடன் ‘எட்ஜ்’ கடிகாரத்தை வெளியிட்டது. ஆனால் சிறுநகரவாசிக்கு அச்சாதனையைவிட, பக்கத்து ஊரிலேயே அதன் சேவை மையம் இருப்பது பயன்படும். அயல்நாட்டுக் கடிகாரத்தை இணையத்தில் மலிவாக வாங்குபவர், உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதைப் பணம் செலுத்துமுன் பார்க்க வேண்டும்.

கடையில் இருக்கும்போதே சில சோதனைகள் எளிது. சாவியை வெளியே இழுத்து முட்களைத் திருப்பும்போது ஆட்டமோ நெருடலோ இன்றி நகர வேண்டும். சரியாக 12 மணிக்கு வைத்தால் இரு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். தேதி உள்ளதாயின் நள்ளிரவைத் தாண்டச் செய்து எண் முழுதாகச் சாளரத்தில் நிற்கிறதா என்று காண வேண்டும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் பெரும்பாலான பொறிகளில் தேதிச்சக்கரம் பல்லோடு பிணைந்திருக்கும் என்பதால், அந்நேரத்தில் சாவியால் தேதியை விரைவாக மாற்றினால் பல் ஒடியலாம். முட்களை 6 மணிக்குக் கொண்டுவந்த பிறகே தேதியைத் திருத்த வேண்டும் என்று கையேடுகள் சிறிய எழுத்தில் சொல்வது இதனால்தான்.