தண்ணீரும் நகரங்களும் - 9: டூசானின் தெருவோரக் குழிகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரா பாலைவனத்துக்குள் இருக்கிறது டூசான் நகரம். ஆண்டுக்குச் சுமார் 280 மில்லிமீட்டர் மழைதான். அதில் ஏறக்குறையப் பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில், இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிடும். செடிகொடி அடர்த்தியில்லாத தரையால் அந்த வேகத்தில் விழும் நீரை உறிஞ்ச முடியாது. மேல்மண்ணுக்கு அடியில் பல இடங்களில் சுண்ணாம்பு இறுகிப் பாறையாகிவிட்ட ‘கலிச்சி’ அடுக்கு உண்டு. அதுவும் நீரைக் கீழே விடாது. எனவே, மாதக்கணக்கில் மணல் மட்டுமே கிடக்கும் ஓடைகள் சில நிமிடங்களில் கரைபுரள்கின்றன.

ஆண்டில் சில நாள் பெய்யும் மழைக்காக நகரெங்கும் வடிகால் குழாய் புதைப்பது பெருஞ்செலவு. அதனால் டூசானின் பல தெருக்களே வாய்க்கால்களாக நீரைச் சுமக்கின்றன. தடுப்பைத் தாண்டி வெள்ளத்துக்குள் வண்டியை ஓட்டிச் சிக்கிக்கொள்பவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க, 1995இல் மாநிலம் சட்டமே போட்டது.

1983 அக்டோபரில் ‘ஆக்டேவ்’ புயலின் எச்சம் நாள்கணக்கில் மழையைக் கொட்டியபோது சாண்டா குரூஸ் ஆறும் ரில்லிட்டோ ஆறும் பெருக்கெடுத்தன. வெள்ளம் ஊருக்குள் ஏறியதைவிட, கரைகள் அரிக்கப்பட்டு வீடுகளும் பாலங்களும் சரிந்ததே பேரழிவு. அதன்பின் சிமென்ட் கலந்த மண்ணால் ஆற்றங்கரைகள் நீண்ட தூரத்துக்கு வலுப்படுத்தப்பட்டன. வெள்ளம் பாயும் நிலங்கள் சிலவற்றை மாவட்ட நிர்வாகமே விலைக்கு வாங்கியது.

கரை காப்பாற்றப்பட்டாலும் நீர் வீணானது. இதே நகரம் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை மட்டும் நம்பியிருந்து, 1992இல் கொலராடோ ஆற்றின் நீரைக் கால்வாய் வழியே பெறத் தொடங்கியது. அந்த நீர் சுமார் 540 கிலோமீட்டர் பயணப்பட்டு, 800 மீட்டருக்கு மேல் மின்சாரத்தால் ஏற்றப்பட்டு வருகிறது. ஆனால் 10 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தெருவில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 25,000 லிட்டர் விழுகிறது. அதை ஓடவிடுவது பொறுப்பற்ற வேலை.

டன்பார் ஸ்பிரிங் என்ற குடியிருப்பைச் சேர்ந்த பிராட் லான்காஸ்டர், தன் வீட்டு முன் தெருவோரக் கான்கிரீட் விளிம்பை அறுத்து, மழைநீரை மரக்குழிக்குள் திருப்பினார். அப்போது அதற்கு அனுமதி கிடையாது. பின்னர் 2007இல் நகராட்சி அதை முறைப்படுத்தியது. தொழில்நுட்பம் எளியது, ஆனால் கவனம் கேட்பது. குழி தெருமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். நீர் நுழையும் வாயில் அரிப்பைத் தடுக்கக் கல் பாவ வேண்டும். கலிச்சி இருந்தால் உடைக்க வேண்டும். மேலே மரச்சீவலும் சருகும் பரப்பினால் ஈரம் ஆவியாவது குறையும். சாலையிலிருந்து வரும் எண்ணெய்க் கழிவின் ஒரு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். நீர் ஒரு நாளுக்குள் வடிந்துவிட்டால் கொசுவுக்கு இடமில்லை. குழியில் நடப்படும் மெஸ்கீட், பாலோ வெர்டே போன்ற மண்ணின் மரங்கள் வேரூன்றிய பின் பெரும்பாலும் மழைநீரிலேயே வளரும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், அந்த நிழலின் மதிப்பு நீரின் மதிப்புக்குக் குறைந்ததல்ல.

புதிய வணிகக் கட்டடங்களின் தோட்டத்துக்குத் தேவையான நீரில் பாதி மழைநீராக இருக்க வேண்டும் என்று 2008இல் நகரம் விதி இயற்றியது. 2010இல் அது நடைமுறைக்கு வந்தது. 2013இல் புதிய சாலைப் பணிகளிலும் மழைநீர்ச் சேகரிப்பு சேர்க்கப்பட்டது.

1983 போன்ற பெருவெள்ளத்தை இக்குழிகள் தடுக்காது. அதற்கு ஆற்றங்கரைக் காப்பும் பெரிய தேக்கங்களும்தான் வேண்டும். இவை வென்றெடுப்பது அடிக்கடி வரும் சிறு மழையை. வண்டல் சேர்ந்து வாய் அடைத்துவிட்டால் அதுவும் போயிற்று. இதற்காகவே 2020இல் குடிநீர்க் கட்டணத்தோடு சேர்த்து, வீட்டுக்கு மாதம் சுமார் 1 டாலர் வசூலிக்கத் தொடங்கினார்கள். குழி வெட்டவும் தூர் வாரவும் அந்தப் பணம் செலவாகிறது. டூசான் செய்தவற்றில் மற்ற நகரங்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கிய இந்த ஏற்பாட்டைத்தான்.