எம்.பி.3 பிளேயர்: வாங்கினால் மட்டும் போதாது, அமைத்துக் கொடுக்க வேண்டும்

 

நம் வீடுகள் பலவற்றில் எம்.பி.3 பிளேயர் எனும் சிறிய ஒலிக்கருவி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகனோ மருமகனோ உம்மாவுக்காக வாங்கி வந்திருப்பார். முதல் வாரம் ஆசையாகக் கேட்டிருப்பார்கள். பிறகு அது அலமாரிக்குள் போய்விடும். கேட்டால், "அது வேலை செய்யலை" என்று பதில் வரும். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. கேட்பவருடைய கண்ணுக்கும் கைக்கும் ஏற்றபடி யாரும் அதை அமைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேர வேலையை எப்படிச் செய்வது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

போன் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் பார்வை மங்கியவருக்குத் தொடுதிரை பெரும் சிரமம். எங்கே விரல் பட்டது, எது திறந்தது என்று தெரியாது. கிராஅத் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வரும், விளம்பரம் வரும். ஒவ்வொரு முறையும் பேரனையோ மருமகளையோ கூப்பிட வேண்டும். நாலு முறை கூப்பிட்ட பிறகு, தொந்தரவு வேண்டாம் என்று அவர்களே கேட்பதை விட்டுவிடுகிறார்கள். ஹிஃப்ளு ஓதும் பிள்ளைக்கு வேறு சோதனை. ஒரு சூராவைக் கேட்பதற்குத் திறந்த போன் அரை மணி நேரத்தில் எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது.

விரலுக்குத் தட்டுப்படும் பட்டன்களும், இணையம் இல்லாத அமைப்பும் இந்த இருவருக்குமே நல்லது. தனக்கு வேண்டியதைப் பிறர் தயவு இல்லாமல் தானே கேட்க முடிவது முதியவருக்குச் சிறிய விஷயமல்ல.

வாங்கும்போது

புதிதாக வாங்குவோர் திரையின் அழகைப் பார்க்க வேண்டாம். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: தனித்தனியான பட்டன்கள், உள்ளேயே ஸ்பீக்கர், மெமரி கார்டு போடும் இடம், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. கடைசி வசதி இருக்கிறதா என்பதைக் கடையிலேயே சோதித்து விடலாம். ஒரு பதிவைப் பாதியில் நிறுத்திக் கருவியை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். விட்ட இடத்திலிருந்து வந்தால் நல்லது. முதலிலிருந்து தொடங்கினால், நீண்ட பயான் கேட்பவருக்கு அது பயன்படாது.

அதிகக் கொள்ளளவு தேவையில்லை. வழக்கமான 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 58 எம்.பி. இடம் பிடிக்கும். ஒரு ஜுஸ்வு ஓத ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கொண்டாலும், 30 ஜுஸ்வும் 2 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். ஆக 8 ஜி.பி. கார்டு ஒன்றே நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். எளிய கருவிகள் பலவும் 32 ஜி.பி. வரையுள்ள கார்டுகளையே ஏற்கும். நம்ப முடியாத விலைக்குப் பெரிய கொள்ளளவு என்று விற்கப்படும் கார்டுகளில் போலிகள் உண்டு. பதிவுகளை ஏற்றிய பின், கடைசியில் ஏற்றியவை ஒலிக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். போலிக் கார்டு பெரும்பாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

கணினியில் இணைப்பது

கருவியை யு.எஸ்.பி. கேபிளில் கணினியுடன் இணைத்தால், பென் டிரைவைப் போலவே அது திரையில் தெரியும். தெரியவில்லை என்றால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே உரியவை. அவற்றின் வழியாகக் கோப்புகள் போகாது.

இணைத்தும் பதிவுகள் ஓடவில்லை என்றால், கார்டை 'ஃபேட் 32' முறையில் ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கலாம். ஃபார்மட் செய்தால் கார்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். மர்ஹூமான வாப்பாவின் குரல்கூட அதில் பதிவாகி இருக்கலாம். எனவே உள்ளிருப்பதை முதலில் கணினியில் நகலெடுத்து வைத்துவிட்டே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். வேலை முடிந்ததும் கேபிளைச் சட்டென்று உருவ வேண்டாம். கணினியில் 'பாதுகாப்பாக அகற்று' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கழற்றினால் கோப்புகள் கெடாது.

பதிவுகளை அடுக்குவது

அமைப்பதில் முக்கியமான வேலை இதுதான். எல்லாப் பதிவுகளையும் ஒரே இடத்தில் கொட்டினால், கேட்பவர் அவற்றுக்குள் தொலைந்து போவார். கிராஅத் ஒரு ஃபோல்டர், பயான் ஒரு ஃபோல்டர், பிள்ளைகளின் பாடம் ஒரு ஃபோல்டர் என்று பிரியுங்கள். முதியவருக்கு மூன்று ஃபோல்டருக்கு மேல் வேண்டாம்.

கோப்பின் பெயரை எண்ணில் தொடங்குங்கள். 1, 2, 10 என்று வைத்தால் சில கருவிகள் 1க்கு அடுத்து 10ஐ எடுத்துக்கொள்ளும். 001, 002, 010 என மூன்று இலக்கத்தில் வைத்தால் 114 சூராக்களும் வரிசை மாறாமல் வரும். சில கருவிகள் பெயரைப் பார்க்காமல், நகலெடுத்த வரிசையிலேயே ஓட்டும். அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள். தமிழில் பெயர் வைத்தால் விலை குறைந்த கருவிகளின் திரையில் வெறும் கட்டங்கள் தெரியலாம். அங்கே எண் மட்டும் போதும்.

இரண்டு மணி நேர பயானை அப்படியே ஏற்றாமல், 15 நிமிடத் துண்டுகளாக வெட்டுவது நல்லது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். ஒரு காது மந்தமானவருக்கு அதே மென்பொருளில் பதிவை 'மோனோ'வாக மாற்றிக் கொடுங்கள். இரு பக்கத்து ஒலியும் ஒன்றாகி, கேட்கும் காதிலேயே முழுமையாக வந்துவிடும்.

பதிவை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. இணையத்தில் கிடைக்கிறது என்பதும், நகலெடுக்க அனுமதி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. உரியவர்கள் அனுமதித்த பதிவுகளையே ஏற்றுவோம்.

மாற்ற வேண்டிய அமைப்புகள்

'ஷஃபிள்' என்பதை முதலில் அணைத்து விடுங்கள். அது இருந்தால் சூராக்கள் முன்னும் பின்னுமாக வரும். பயானின் மூன்றாம் பகுதிக்குப் பிறகு முதல் பகுதி வரும். 'ஈக்வலைசர்' என்பதைச் சாதாரண நிலையில் வையுங்கள்; பாட்டுக்காகக் கூட்டிய அதிர்வொலி, பேச்சைத் தெளிவில்லாமல் ஆக்கிவிடும். கேட்டபடியே தூங்கிவிடுபவருக்கு, அரை மணி நேரத்தில் தானாக அணையும்படி 'ஸ்லீப் டைமர்' வைத்துக் கொடுங்கள். 'ஹோல்ட்' பட்டன் தவறுதலாக நகர்ந்து, வேறெந்தப் பட்டனும் வேலை செய்யாமல் போவது உண்டு. பழுது என்று ஒதுக்கப்பட்ட கருவியில் முதலில் இதைப் பாருங்கள்.

பார்வை குறைந்தவருக்காக, ஓட்டும் பட்டனின் மீது நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். விரல் பட்டதும் அடையாளம் தெரியும்.

ஹிஃப்ளு பிள்ளைகளுக்கு

பல கருவிகளில் 'ஏ-பி ரிப்பீட்' என்ற வசதி உண்டு. ஆயத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும், முடிவில் ஒரு முறையும் அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். மனனத்துக்கு இது பெரிய துணை. எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி கற்பிக்கும் முறையில் நிதானமாக ஓதிய பதிவும், ஷைகு முஹம்மது ஸித்தீக் அல்மின்ஷாவி ஓதப் பிள்ளைகள் திருப்பி ஓதும் பதிவும் மாணவர்களுக்கு மிகவும் ஏற்றவை. எனினும் ஒன்றை மறக்கக் கூடாது. கருவி ஓதிக் காட்டும். பிள்ளை ஓதுவதை அது கேட்காது. மக்ரஜில் வரும் பிழையை உஸ்தாதின் காதுதான் பிடிக்கும்.

காதும் பேட்டரியும்

உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரத்தையும், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரத்தையும் வரம்பாகச் சொல்கிறது. ஒலி கூடக்கூட, கேட்கலாகும் நேரம் வேகமாகக் குறைந்துவிடும். வீட்டில் டெசிபல் அளக்க முடியாது. இயர்போன் போட்டிருப்பவரிடம் ஒரு முழ தூரத்திலிருந்து சாதாரணமாகப் பேசுங்கள். அவருக்குக் கேட்கவில்லை என்றால் ஒலி அதிகம். ஒலி வரம்பு வைக்கும் வசதி இருந்தால் பிள்ளைகளின் கருவியில் அதை அமைத்து விடுங்கள். சாலையில் நடக்கும்போது இயர்போன் வேண்டவே வேண்டாம்.

நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால், பாதியளவு சார்ஜ் ஏற்றி வையுங்கள். முழுதும் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி செத்துவிடும். கருவி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. குப்பையிலும் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை

எல்லாம் அமைத்த பிறகு கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். போடுவது, நிறுத்துவது, ஒலியைக் கூட்டுவது ஆகிய மூன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒருமுறை விசாரியுங்கள். மறந்திருந்தால் முகம் சுளிக்காமல் மீண்டும் சொல்லுங்கள். இந்த வேலைக்கு நம் வீட்டு இளைஞர்களே பொருத்தமானவர்கள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கருவியையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு அலுவலக நேரத்தில் நமது டிரஸ்டுக்கு வரலாம். இன்ஷா அல்லாஹ், அமைத்துத் தருகிறோம்.

பெற்றோரின் முதுமையில் அவர்களுக்குப் பணிவிடை செய்யும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

– செயலாளர்