சிறு இறைச்சிக்கு ஒரு சின்னப் பிச்சாத்தி

திருவனந்தபுரத்தில் ‘வேட்டைக் கத்தி’ தேடுகிறவருக்கு முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல், காட்டுக்கோழி எதையும் பிடிக்கக் கூடாது. கண்ணி வைப்பதும், வைக்க முயல்வதும்கூட வேட்டைக் குற்றமே. 2022 திருத்தம் பொதுவான அபராத உச்சத்தை 25 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் ரூபாயாக ஏற்றிவிட்டது, சிறையும் உண்டு. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி தரலாம் என்று கேரள அரசு அதே ஆண்டு முடிவெடுத்தது உண்மைதான். ஆனால் அது உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரின் வேலை. சுட்ட பன்றியை முறைப்படி அழித்துவிட வேண்டும். குழம்பு வைக்க முடியாது.

ஆக, நமக்குக் கத்தி தேவைப்படுவது பண்ணைக் காடைக்கும் வளர்ப்பு முயலுக்கும் நாட்டுக்கோழிக்கும் விழிஞ்ஞத்து மீனுக்கும்தான். வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் சிறு பிராணிகளுக்கு வைத்துக்கொள்ளும் கத்தியும் ஏறக்குறைய இதே அளவுதான்.

மடக்குக் கத்தி வேண்டாம். அதன் மூட்டுக்குள் ரத்தமும் கொழுப்பும் போய் ஒட்டிக்கொண்டால் கழுவி எடுப்பது பெரும்பாடு. மடங்காத கத்தியில், மூன்று முதல் நான்கு அங்குல அலகு போதும். அதைவிட நீளமானால் காடையின் வயிற்றுக்குள் நுனி எங்கே போகிறதென்று கைக்குத் தெரியாது. குடலோ பித்தப்பையோ கிழிந்தால் இறைச்சி கெட்டது. நுனி ஊசியாக இருக்கக் கூடாது என்பதும் இதனால்தான்; முதுகு மெல்லச் சரிந்து இறங்கும் அலகே நல்லது. கனம் 2 அல்லது 2.5 மில்லிமீட்டர். சினிமாவில் வரும் ஐந்து மில்லிமீட்டர் தடிமன் கத்தி விறகு பிளக்கலாம், முயலின் தோலை உரிக்காது. முதுகில் ரம்பப் பல் வெட்டியதும், அலகில் அலையலையாகக் கோலம் போட்டதும் பெரும்பாலும் கண்ணுக்கு விருந்து மட்டுமே.

எஃகில்தான் யோசிக்க வேண்டும். கொல்லர்கள் லாரியின் பட்டை ஸ்பிரிங்கை அடித்துச் செய்யும் பிச்சாத்தி, அதாவது சிறு கத்தி, விலை குறைவு. சாணைக்கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறும். ஆனால் இது கடலோர ஊர். இடவப்பாதி, துலாவர்ஷம் என்ற இரண்டு பருவமழைகளும் காற்றை ஈரமாகவே வைத்திருக்கும். கழுவிப் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் துரு. கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவும் பழக்கம் இருப்பவருக்கே அது சரி. மற்றவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கலாம். சுவீடனின் மோரா ஊர்க் கத்திகள் உலகெங்கும் ‘மலிவும் நல்லதும்’ என்று பேர் எடுத்தவை. அவற்றின் கம்பானியன் வகை சுமார் நான்கு அங்குலம். ஆனால் இறக்குமதியாகி வரும்போது அந்த மலிவில் பாதி கப்பலிலேயே இறங்கிவிடுகிறது.

நேரில் பார்த்து வாங்க சாலை பஜாருக்குப் போகலாம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய இந்தக் கடைத்தெரு, எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழ் வாசகருக்கும் பழக்கம். இரும்புச் சாமான் கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் கைப்பிடியைப் பாருங்கள். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறதா, பாதியில் நின்று பசையில் ஒட்டியிருக்கிறதா? பாதியில் நிற்பது பிடியிலிருந்து கழன்று வரலாம். மரப்பிடி அழகு, ஆனால் ஈரத்தில் உப்பி வெடிக்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கோ ரப்பரோ ரத்தக் கையில் வழுக்காது. விரல் முன்னே நழுவி அலகில் ஏறாதபடி பிடியில் ஒரு மேடு அவசியம். கடைக்காரர் சம்மதித்தால் அலகோரத்தில் அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கடித்து இறங்கினால் பதம் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம்.

வாங்கிய கத்தியால் சட்டச் சிக்கல் வருமா? ஆயுத விதிகள் பெயர் சொல்லிக் குறிப்பது 9 அங்குலத்தைத் தாண்டிய நீளமோ 2 அங்குலத்தைத் தாண்டிய அகலமோ உள்ள அலகுகளை. வீட்டு, விவசாயக் கத்திகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏற வேண்டாம். விமானத்தில் கைப்பையிலும் வைக்காதீர்கள்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கத்திக்கே கொடுத்துவிடாமல், 1000 எண் சாணைக்கல் ஒன்றுக்கும் மிச்சம் வையுங்கள்.